முகவரி இல்லாமல் கூப்பிடுதல்

பத்தரை மணிக்குள் முப்பத்தெட்டு டேப்.
திரையின் மேல்விளிம்பில்
பாயில் நெருக்கிப் பரப்பின நெத்தலி மாதிரி
தலை மட்டும் தெரிகிற பக்கங்கள்.
எந்தத் தலை எந்தக் கப்பல் என்று
றிஸ்மியாவுக்கும் தெரியவில்லை,
எழுதிக் கொடுத்த எனக்கும் தெரியவில்லை.

உட்துறைமுக வீதி, கப்பல் முகவர் அலுவலகம்.
மேல்மாடியில் மின்விசிறி
கோதுமைத் தூசியை ஒரு மேசையிலிருந்து
இன்னொரு மேசைக்கு இடம்மாற்றுகிறது.
"தம்பி, ஒரு கப்பல ஒம்பது தரம் அமத்தினா
ஒம்பது கப்பலா வரும்?"
வரும் அக்கா. அப்படித்தான் எழுதியிருந்தேன்.
பெயர் வைக்காமல் திறந்தால்
ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒவ்வொரு தடவையும் புதுப் பிள்ளை.

பெயர் வைத்தேன்.
கப்பலின் பதிவெண்ணே டேப்பின் பெயர்.
அதே பெயரைச் சொன்னால் அதே பக்கம் வரும்.
பெருமையோடு தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அவ முகம்
வாடை தொடங்கின கொட்டியாரக் குடா.
பாதி நிரப்பிய படிவம்:
நாலாயிரத்து இருநூறு தொன் கோதுமை,
மூன்றாம் அறையில் ஈரம்,
இரண்டு மாலுமிக்குக் காய்ச்சல்.
அமத்தினதும் பக்கம் வந்ததுதான்.
ஆனால் தலைமுழுகிவிட்டு வந்தது.
"எழுதினது ஒண்டும் காணல்ல."

முகவரியும் கொடுத்துப் பெயரும் சொன்னால்
பிரவுசர் முகவரியைத்தான் கேட்கும்.
இருந்த ஆளை எழுப்பி
வாசலுக்குக் கொண்டுபோய்
முதலிலிருந்து உள்ளே வரச் சொல்லும்.

சரி. திறந்த பக்கத்தின் பிடியை
ஒரு மாறியில் முடிந்து வைத்தேன்.
மூடிவிட்டாயா என்று முதலில் கேட்டேன்.
இல்லையென்றால் முன்னுக்கு வா என்றேன்.
கப்பலிலிருந்து செய்தி வந்தவுடன்
அந்த டேப் தானாக முன்னுக்கு வரட்டும் என்று
அதிகப்பிரசங்கமாய் ஒரு வரியும் சேர்த்தேன்.
செய்தி வந்தது.
டேப் அசையவில்லை.

ஜன்னலுக்குக் கீழே மூன்று புள்ளிமான்
முனிசிபல் தொட்டியில் பப்பாசித் தோல் மேய்ந்தன.
கடுப்பில் "ஏய்" என்றேன்.
காதுகூட ஆட்டவில்லை, ஊர் மான்கள்,
ஓட்டோ ஹோனுக்கே ஒதுங்காதவை.
றிஸ்மியா பாண் சுற்றின பையைக்
கையில் எடுத்து மெல்லக் கசக்கினா.
மூன்று தலையும் ஒன்றாய் நிமிர்ந்தன.

அதுதானே சட்டம்.
ஒரு விரல் உண்மையாய்த் தொட்டிருக்க வேண்டும்.
தொட்ட சூடு ஆறுமுன் கேட்டுவிட வேண்டும்.
பிந்திக் கேட்டால்
எத்தனை அழகாய் எழுதினாலும்
யாரோ சத்தம் போடுகிறான்.

அதிகப்பிரசங்க வரியை அழித்தேன்.
செய்தி வந்தால் ஒரு சிவப்புப் புள்ளி.
அவ தொட்டால் வரும். வந்தது.

மூன்று மணிக்கு
பழக்கத்தில் ரிஃப்ரெஷ் அமத்திட்டா.
மாறிக்குள் ஒன்றுமில்லை.
பக்கங்கள் அங்கேயேதான், விளிம்பில், உயிரோடு.
திறந்துவிட்டவளுக்குத்தான்
யாரையும் நினைவில்லை.

ஒரு வழி இருக்கிறது, எல்லாவற்றிலும் எளிது.
முகவரி இடத்தை வெறுமையாய் விட்டுப்
பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது.
இருந்தால் இருந்தபடியே வரும்,
அரைகுறை எழுத்தோடு, காய்ச்சலோடு.

"இல்லாட்டி?"
வெள்ளையாய் ஒரு பக்கம் திறக்கும் அக்கா.
ஒன்றும் இருக்காது அதில்.

அவ கிண்ணியாப் பக்கம்
தண்ணீரைப் பார்த்தபடி இருந்தா.
இழுவைப்படகு ஒன்று யாரையும் இழுக்காமல் போனது.
"வெள்ளப் பக்கம் எனக்குக் காட்டாத தம்பி.
வந்த கையோட மூடிடு."

ஏன் என்று நான் கேட்கவில்லை.
வெறுமையா என்று பார்,
வெறுமையென்றால் அவ காணுமுன் மூடு:
இரண்டு வரிதான். எழுத நேரமெடுத்தது.

ஐந்து மணி தாண்டி
பதிவெண்ணில் விரலை வைத்தா.
டேப் முன்னுக்கு வந்தது.
மாலுமிகளின் கட்டத்தில்
'காய்ச்ச' என்று விட்ட இடத்தில்
கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.
அவ 'ல்' போட்டா.